முன் இடது கால்

கம்பளம் நாறுகிறது. மண்டியிட்டவனுக்குத்தான் அது தெரியும், நிற்கிறவர்களுக்கு எப்படித் தெரியும், சங்ககிரி பந்தல்காரரிடமிருந்து வாடகைக்கு வந்த சிவப்புக் கம்பளம், எத்தனை கல்யாணத்தில் யார் யார் ரசம் சிந்தினார்களோ, எந்தக் குழந்தை கக்கியதோ, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துக் காயாமலே சுருட்டி மறுபடி இங்கே விரித்திருக்கிறார்கள், என் மூக்கு அதிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கிறது, நான் ஒரு இயந்திரத்தின் வயிற்றுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் இது ஒரு பிழைப்பு. வலது முழங்கால் மட்டும்தான் மடங்கும், இடது மடங்காது, பைக்கிலிருந்து விழுந்த வருஷத்தோடு அது போயிற்று, அதனால் இடது காலைப் பக்கத்து மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு எப்போதும் இந்த ஒரு பக்கத்தில்தான் உட்கார முடியும், இயந்திரத்தின் முன் இடது காலுக்கு நேராக. பின்னால் துறைத்தலைவர் நாச்சிமுத்து நிற்கிறார். அவருடைய ஷூ தெரிகிறது. சோம்பு மெல்லும் சத்தம் கேட்கிறது. சோம்பு இவ்வளவு சத்தம் போடுமா, அல்லது அவர் பல்லா. "என்னங்க சென்னியப்பன், கால் இருக்குதுங்களா?" என்கிறார். "ஆறு இருக்குதுங்க சார்" என்கிறேன். "அப்புறம் என்னங்க, நடக்குதுன்னு போட்டுட்டு எந்திரிங்க, தாளாளர் சாப்பாட்டுக்கு வர்றாருங்க." கால் இருந்தால் நடக்கும். மெக்கானிக்கலில் முனைவர் பட்டம் வாங்கியவர் சொல்கிறார். நாற்காலிக்கு நாலு இருக்கிறது.

கால் இருந்தால் நடப்பது ஆகாது என்று எழுதியவன் நான்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கல்லூரி விழாவில் இயந்திரச் சண்டை வைக்கலாம் என்று முடிவானபோது விதிப்புத்தகம் எழுதும் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கு வந்தது, இரண்டு மாதம் உட்கார்ந்தேன். வெளிநாட்டுப் போட்டிகளின் விதிகளையெல்லாம் தேடித்தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சக்கரத்தில் ஓடும் இயந்திரம் பதினைந்து கிலோவுக்குள் இருக்கவேண்டும். நடக்கும் இயந்திரமென்றால் இன்னொரு பாதி சேர்த்து இருபத்திரண்டரை வரை போகலாம். ஏனென்றால் நடப்பது கஷ்டம், கஷ்டப்பட்டவனுக்கு அந்தச் சலுகை. சலுகை என்று ஒன்று வந்ததும் உலகம் முழுக்கச் சக்கரத்துக்குக் கால் வேஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே ஷாஃப்டில் ஆறு குச்சியைக் கோத்துச் சுற்றவிட்டால் குச்சிகள் மாறிமாறித் தரையைத் தொடும், பார்ப்பவனுக்கு நடக்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் சுற்றுவது சக்கரம். அது நடை கிடையாது, அதற்குச் சலுகையும் கிடையாது என்று எழுதினேன். எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கும் ஒரு வழி எழுதினேன், நாலே வரி. ஒரு காலை மட்டும் தூக்கச் சொல்ல வேண்டும். மற்ற கால்கள் அசையாமல் அது மட்டும் எழுந்து முன்னால் போய் ஊன்றினால் அது நடக்கும் இயந்திரம். கூடவே மற்றதும் அசைந்தால் சக்கரம். பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் நான் எழுதியதில் பொய் கலக்காத நாலு வரி அவைதான். மற்றபடி எழுதியதெல்லாம், சரி, அது இப்போது எதற்கு.

டார்ச் வெளிச்சத்தில் பிரளயத்தின் வயிறு தெரிகிறது. பிரளயம், எங்கள் கல்லூரி அணியின் இயந்திரம், பெயரைப் பார், முன்னால் இரண்டு பல் வைத்த இரும்பு உருளை, அது சுற்ற ஆரம்பித்தால் எதிரே இருக்கிற அலுமினியத் தகடு காகிதம் மாதிரி கிழியும். நேற்று ஒத்திகையில் ஒரு பழைய அலமாரிக் கதவைக் கிழித்துக் காட்டினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். எடை இருபத்தொரு கிலோ எண்ணூறு. நடக்கும் இயந்திரம் என்று நான் கையெழுத்துப் போட்டால் இந்த எடை சரி. போடாவிட்டால் கிட்டத்தட்ட ஏழு கிலோ அதிகம், போட்டியை விட்டு வெளியே. எண்ணெய் வாடை அடிக்கிறது, அது பிடிக்கும், ஆனால் இங்கே அதோடு கம்பள நாற்றமும் வெளியே அண்டாவில் வந்திறங்கிய வெஜ் பிரியாணி வாடையும் சேர்ந்து தொண்டையில் வந்து நிற்கிறது. வலது பக்கம் மூன்று கால், ஒரு ஷாஃப்ட். சரி. இடது பக்கம் பின்கால், நடுக்கால், அதே ஷாஃப்ட், பல்சக்கரம் போட்டு இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஐந்தும் ஒன்றோடொன்று கட்டிய கால்கள், ஒன்று அசைந்தால் ஐந்தும் அசையும். சக்கரம். வேஷம். இங்கேயே முடிந்தது என்று எழுந்திருக்கப் போனவன் டார்ச்சைத் திருப்பும்போது பார்த்தேன், முன் இடது கால் மட்டும் ஷாஃப்டைத் தொடவில்லை. அதற்குத் தனியாகக் கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார். புதிய நீல ஒயர். பிளாஸ்டிக் நாடாவால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், நாடாவின் வாலைக்கூட இன்னும் வெட்டவில்லை. நேற்று ராத்திரியோ இன்று காலையோ வைத்திருக்கிறார்கள். ஒரு காலுக்கு மட்டும் ஒரு மோட்டார். எந்தக் காலுக்கு என்றால் நான் எப்போதும் கேட்கும் காலுக்கு. போன வருஷமும் அதற்கு முந்திய வருஷமும் ஒவ்வொரு இயந்திரத்துக்கு முன்னாலும் மண்டியிட்டு, எனக்கு எட்டுகிற காலைத் தட்டி, இதைத் தூக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன். என் முழங்கால் எது மடங்கும், எது மடங்காது, நான் எங்கே உட்காருவேன், என் விரல் எந்தக் காலைத் தட்டும் என்று பார்த்து, என் ஊனத்தை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள். என் மாணவர்கள்.

நிமிர்ந்து பார்த்தால் தருண்பிரசாத் கையில் ரிமோட்டோடு நிற்கிறான். அணித்தலைவன், இறுதியாண்டு, கெட்டிக்காரன், என் கையால் லேத்தில் கடைசல் பழகியவன். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை, பயம்கூட இல்லை, ஆய்வு நடக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த முகம். அது யாரிடம் படித்தது. போன ஆடியில், அங்கீகார ஆய்வு, ஆய்வகத்தில் ஆறு லேத் இருக்க வேண்டும், நாலுதான் இருந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு கூடு வந்து இறங்கியது, மோட்டார் கிடையாது, உள்ளே ஒன்றும் கிடையாது. பச்சைப் பெயிண்ட் அடிக்க வேண்டும், நம்ம பையன்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று நாச்சிமுத்து சொன்னார், நான் தருணைக் கூப்பிட்டேன். அவன் பெயிண்ட் அடித்தான். சார், கைப்பிடியில மட்டும் பெயிண்ட்டைக் கொஞ்சம் சுரண்டி விட்டரலாங்களா, தினம் யூஸ் பண்ற மாதிரி தெரியும் என்று கேட்டான். நான் சிரித்தேன். சபாஷ் என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன், சொல்லியிருப்பேன். சொன்னேன். மறுநாள் இதே கம்பளம், இதே நாற்றம், ஆய்வுக் குழுத் தலைவர் வந்தார், சாப்பிட்டுவிட்டு வந்தார், எங்கள் பிரின்சிபாலின் விசிட்டிங் கார்டு மூலையைப் பல் இடுக்கில் விட்டுக் குத்திக்கொண்டே வந்தார், குத்தியதைப் பார்த்தார், மறுபடி குத்தினார். முதல் லேத்தை ஓட்டுங்கள் என்றார். ஓட்டினேன், அது ஓடும் லேத். அவர் வரிசையோடு நடந்து ஐந்தாவது முன்னால் நின்றார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு பல்லி, பல்லியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், நான் பார்த்தேன். இப்போது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டுவிட வேண்டும் என்றுகூட ஒரு கணம், சத்தியமாக, ஒரே ஒரு கணம் ஆசைப்பட்டேன். "நேரமில்லை, எல்லாம் ஓடுதில்ல?" என்றார். ஓடுதுங்க சார் என்றேன். அந்த ஆளைப் போல ஒரு அருவருப்பான பிறவியை நான் கண்டதில்லை என்று வீட்டில் வந்து மல்லிகாவிடம் சொன்னேன், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவரு என்ன பண்ணுனாரு, கேக்காமத்தான போனாரு, நீங்க சொன்னதுதான பொய்யி என்றாள். அன்றைக்கு அவளோடு பேசவில்லை.

"சார், ரெடிங்களா?" தருண் கேட்கிறான். ஒரு நிமிஷம் என்கிறேன். டார்ச்சை அணைக்கிறேன், மறுபடி போடுகிறேன், ஏதோ பார்க்கிறவன் மாதிரி. ஒன்றுமில்லை, ஒரே ஒரு வார்த்தை. இதைத் தூக்கு என்பதற்குப் பதிலாக அடுத்ததைத் தூக்கு. நடுக்காலை. கையை ஒரு சாண் தள்ளித் தட்டினால் போதும். தட்டினால் ஐந்தும் அசையும், கூட்டம் பார்க்கும், எடை அதிகம், வெளியே. வெளியே போவது தாளாளரின் தங்கை பேரன் இருக்கிற அணி. நாச்சிமுத்து ஒன்றும் சொல்லமாட்டார், அவர் எதையும் சொல்லுகிறவர் இல்லை, சோம்பை மெல்லுவார். அப்புறம் ஒரு நாள் பிற்பகலில் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். என் பத்தாம் வகுப்பு முதல் எம்.இ. வரை எல்லா அசல் சான்றிதழும் அந்த அலுவலகத்து இரும்பு அலமாரியில் இருக்கிறது, சேர்ந்த அன்று வாங்கி வைத்தது, பத்தொன்பது வருஷமாகிறது, எனக்கு ஒரு மஞ்சள் ரசீது கொடுத்தார்கள், அதில் எழுத்து மங்கிவிட்டது. அது இல்லாமல் வேறெங்கும் போக முடியாது. போனவர்களை எனக்குத் தெரியும், சிவில் துறை அங்கமுத்து ஏழு மாதம் நடந்தான், பைல் தேடுகிறோம், சாவி இல்லை, மேடம் லீவு, ஏழு மாதம். கடைசியில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி இங்கேயே வேலைக்கு வந்தான், இப்போது கேண்டீனில் என்னைப் பார்த்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். அவனைப் பார்த்தால் எனக்கு அருவருப்பு. அவனுக்கு என்னைப் பார்த்தால் என்னவோ. நாச்சிமுத்துவின் கை என் தோளில் வந்து உட்காருகிறது, ஈரமான கை, சட்டைக்குள் இறங்குகிறது அந்த ஈரம், "பையன் கஷ்டப்பட்டிருக்கானுங்க, ரெண்டு மாசமா தூக்கமில்லீங்க" என்கிறார். கஷ்டப்பட்டிருக்கிறான். ஆமாம். மற்ற ஐந்து காலுக்கும் மோட்டார் வைக்கிற கஷ்டத்தைப் படாமல் இருப்பதற்காக நிறையக் கஷ்டப்பட்டிருக்கிறான்.

அடுத்தது. நடுக்கால். கையை நீட்டுகிறேன், அது நடுக்காலை நோக்கித்தான் போகிறது என்று நினைத்தேன், மேசைக்கடியில் நீட்டிய இடது கால் இழுத்துப் பிடித்தது, உடம்பு அதற்கு மேல் சாயவில்லை, விரல் முன் இடது காலின் மேல் விழுந்தது. முழங்கால்மேல் பழியைப் போடுகிறாயா, வெட்கமில்லை? வாயால் சொல்லலாமே, விரல் எதற்கு. தட்டினேன். இரண்டு தட்டு. "இதைத் தூக்கு" என்றேன். தருண் ரிமோட்டின் குச்சியைத் தள்ளினான். கால் அழகாக எழுந்தது, காற்றில் ஒரு கணம் நின்றது, முன்னால் போய் ஊன்றியது. மற்ற ஐந்தும் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அந்தக் கால் கம்பளத்தில் ஊன்றிய சத்தம்கூட எனக்குக் கேட்டது, டப் என்று, ஒரு மரியாதையான சத்தம். படிவம் வந்தது. நடக்கும் இயந்திரமா என்று கேட்கிற 'வாக்கர்: ஆம் / இல்லை' என்ற இடத்தில் தருண் ஆம் என்பதை ஏற்கெனவே வட்டமிட்டிருந்தான். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது. நாச்சிமுத்துவின் கை தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டது, ஈரம் மட்டும் அங்கேயே இருந்தது.

எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது. சரி, அடுத்ததையும் பார்த்துவிட்டே எழுந்திருக்கலாம் என்று அப்படியே இருந்தேன், அடுத்ததை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள், மீன் நாற்றம் வந்தது. மீனுக்கு ஐஸ் போடும் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஒரு பாலிடெக்னிக், மூன்று பேர், தலைவி ஒரு பெண். கழுவின பெட்டிதான் சார், வாடை போகமாட்டேங்குது என்றாள், யாரும் கேட்காமலே. நாச்சிமுத்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப்போனார். எனக்கும் குமட்டியது, இல்லை என்று சொல்லமாட்டேன், பிரியாணியும் மீனும் கம்பளமும், ஆனால் குமட்டியது மீனாலா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பெயர் ஜெனோவா என்று படிவத்தில் இருந்தது. இயந்திரத்தின் பெயர் நண்டு. எட்டுக் கால். டார்ச் அடித்தேன், எட்டும் ஒரே ஷாஃப்டில், சுத்தமாக, ஒளிக்காமல், ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் அளவாக வைத்திருந்தது, இவ்வளவு ஒழுங்கான வேலையை இந்த ஹாலில் இன்றைக்கு நான் பார்க்கவில்லை. எடை பதினாலு தொள்ளாயிரம். மேலே மெல்லிய அலுமினியத் தகடு, நகத்தால் அழுத்தினால் குழியும். சாப்பாட்டுக்குப் பிறகு முதல் சண்டையே பிரளயமும் நண்டும்தான், பலகையில் எழுதியிருக்கிறது. படிவத்தைப் பார்த்தேன். 'வாக்கர்: ஆம் / இல்லை.' அவள் இல்லை என்பதை வட்டமிட்டிருந்தாள்.

"எட்டுக் கால் இருக்கேம்மா, இல்லைன்னு போட்டிருக்கே?" என்றேன். எதற்குக் கேட்டேன், தெரிந்துகொண்டே. "ஒரே ஷாஃப்ட் சார். தனியா ஒரு கால் தூக்காது. ரூல்ல அப்படி இருந்தா நடக்கிறது இல்லைன்னு போட்டிருந்துச்சு, அதான்" என்றாள். "முதல்ல ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு வச்சிருந்தோம் சார். பத்தொம்பது கிலோ வந்துச்சு. ரூலைப் படிச்சிட்டு கழட்டிட்டோம்." படித்திருக்கிறாள். ஐந்து வருஷத்தில் அந்த நாலு வரியை ஒருத்தி படித்து, நம்பி, தன் இயந்திரத்தின் தோலை உரித்துவிட்டு வந்திருக்கிறாள். தங்கம் மாதிரிப் படித்திருக்கிறாய் அம்மா, எழுதியவன் நான்தான் என்று சொல்லத் தோன்றியது, இந்தக் கூத்தில் பெருமை வேறு. "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போட பேனாவை எடுத்தேன். அப்போது அவள், குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை, "சார், ஒண்ணு கேக்கலாமா? அவங்களுதுல முன் இடது காலை மட்டும்தானே தூக்கச் சொன்னீங்க. மத்த காலைத் தூக்கச் சொல்லலையே?" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். தருண் ரிமோட்டின் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைக்குட்டைக்கு மேல் நாச்சிமுத்துவின் கண்கள். இப்போது சொல்லலாம். இன்னும் நேரம் போய்விடவில்லை, அவளே அடியெடுத்துக் கொடுத்துவிட்டாள், ஆமாம்மா, மறந்துவிட்டேன், வா தருண், நடுக்காலைத் தூக்கு. அவ்வளவுதான், ஆறு வார்த்தை.

"நேரமில்லம்மா, நடக்குதில்ல?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அதே வார்த்தை. அதே இழுப்புகூட. அந்த ஆள் விசிட்டிங் கார்டால் பல்லைக் குத்திக்கொண்டு என் தொண்டைக்குள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறான், அல்லது அப்படியெல்லாம் இல்லை, என் குரல்தான், எப்போதும் இருந்த குரல்தான். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டால் நன்றாக இருக்கும். கத்து, அழு, உங்கள் பிரின்சிபாலுக்குப் போன் போடு, இந்தக் கம்பளத்தில் காறித் துப்பு. அவள் பிரளயத்தைப் பார்த்தாள், நண்டைப் பார்த்தாள், கணக்குப் போடும்போது பிள்ளைகள் உதட்டை மடிப்பார்களே அப்படி மடித்தாள். பிறகு கம்பளத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து, முன் இடது காலை ஷாஃப்டோடு பூட்டியிருந்த ஊசியை இடுக்கியால் பிடித்து இழுத்தாள். கால் கழன்று தொங்கியது. ஒரு விரலால் அதைத் தூக்கினாள், முன்னால் வைத்தாள். மற்ற ஏழும் அசையவில்லை. "தூக்கிருச்சு சார்" என்றாள். முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. விதி இப்போதுதான் புரிந்தது என்கிற முகம், அவ்வளவுதான், நல்ல மாணவியின் முகம், போன ஆடியில் கைப்பிடியைச் சுரண்டட்டுமா என்று கேட்டவனின் முகம். "அப்ப எங்களுக்கும் இருபத்திரண்டரை தானே சார்? தகடு ரெண்டும் பையிலதான் இருக்கு, பேனர்ல சுத்தி எடுத்தாந்திருக்கோம்." கூட வந்த இரண்டு பேரும் அதற்குள் பையைத் திறந்துகொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து கைக்குட்டைக்குள்ளிருந்து, "குடுத்தருங்க சென்னியப்பன், குடுத்தருங்க" என்றார்.

வேண்டாம்மா என்று சொல்ல வாய் திறந்தேன். இல்லை என்று நீ போட்டிருக்கிற வட்டத்தை அப்படியே விட்டுவிடு, இந்த ஹாலில் அது ஒன்றுதான், தகடு இல்லாவிட்டால் உன் நண்டு மூன்று நிமிஷத்தில் கிழிந்துபோகும், போகட்டும், விட்டுவிடு. இதைச் சொல்ல நான் யார். கிழிபடப் போவது அவளுடையது. "சார், பேனா கொஞ்சம் குடுங்க" என்றாள். கொடுத்தேன். படிவத்தைத் தன் முழங்கால் மேல் வைத்து, இல்லை என்பதைச் சுற்றியிருந்த வட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டாள், நேர்கோடு. ஆம் என்பதைச் சுற்றி வட்டமிட்டாள். அடித்துத் திருத்திய இடத்தில் கையெழுத்து வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது, ஓரத்தில் சின்னதாகப் பெயரை எழுதினாள். பேனாவுக்கு மூடி போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, தேங்க்ஸ் சார் என்றாள். மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டேன். சுவரில் கடிகாரம் இருந்தது, மணி பன்னிரண்டேகால். சாப்பாடு ஒரு மணிக்குத்தான்.